அக்கரைக்குப் போனவள்

1974ஆம் ஆண்டு பிப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி ஆறு இருபது. அப்புத்தளை ஸ்டேஷனில் தூறல். தூறல் என்று அங்கே சொன்னார்கள். எனக்கு மேகமே பிளாட்பாரத்தில் இறங்கி நடமாடுவது போலத்தான் தெரிந்தது. எதிர்ப்பக்கம் பெரிய பள்ளத்தாக்கு, கடல்வரை தெரியும் என்றார் பக்கத்து இருக்கைக்காரர். வெள்ளையாக இருந்ததைத் தவிர நான் ஒன்றும் பார்க்கவில்லை. பார்க்க முடியாத நேரமாகப் பார்த்து ஒன்றைப் புகழ்கிறவரை நம்பக்கூடாது என்று பையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

என் தங்கை பேச்சாயியை ஊருக்கு அழைத்துவரப் போய்க்கொண்டிருந்தேன். துறையூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பதினாறு வயதில் கல்யாணமாகிச் சிலோனில் பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவள். முப்பத்தொன்பது வருடம் நான் அவளைப் பார்க்கவில்லை. இரண்டு அரசாங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அவளுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, மார்ச் மாதக் கடைசிக்குள் கப்பலேற வேண்டும் என்று கடிதம் போட்டிருந்தாள். அதற்குப் பிறகு நான்கு மாதம் ஒரு வரி கிடையாது. நான் எழுதிய ஐந்து கடிதத்துக்கும் பதில் இல்லை. புருஷன் இறந்தபின் மகள் வீட்டில் இருக்கிறாள். மருமகன் பெயர் மருதை. அவனைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. ஆகவே அவன்மேல்தான் சந்தேகம். சொல்லிவிட்டுப் போனால் ஏதாவது ஏற்பாடு செய்து வைத்துவிடுவான் என்று சொல்லாமல் புறப்பட்டேன். திரும்பும் கப்பலுக்கு மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டேன்.

தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை. பத்து வருடம் ஓடிவிட்டது, இனி யாருக்கும் கெடுதல் வராது. இருந்தாலும் எழுதவில்லை.

அப்புத்தளையில் ஒரு வடை வாங்கினேன். உளுந்தும் இல்லை, கடலைப்பருப்பும் இல்லை. தட்டைப்பயறு. அங்கே அதற்குக் கௌபி என்று பெயராம். பருப்பு வெளிநாட்டிலிருந்து வருவதை நிறுத்திவிட்டார்கள் என்றார் விற்றவர். தேநீரில் சீனியும் இல்லை. என் உள்ளங்கையில் சுண்டுவிரல் நகமளவு கருப்பட்டித் துண்டு ஒன்றை வைத்து, "கடிச்சுக்கிட்டே குடிங்க ஐயா" என்றார். நான் ஒரு கடி கடித்தேன், கருப்பட்டி தீர்ந்தது. தேநீர் முக்கால் கோப்பை பாக்கி. இது தெரிந்தேதான் அந்த அளவு வெட்டுகிறார்கள்.

எல்லவைத் தாண்டியதும் ஒரு பெரிய பாலம் வந்தது. வளைந்து போகிற பாலம். அடியில் தேயிலையும் பாக்கு மரங்களும். "ஒம்பது கண்ணு. இரும்பே போடாமக் கட்டினது, முழுக்கக் கல்லு" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். ஜன்னலில் தலையை நீட்டி எண்ணினேன். ஏழுதான் வந்தது. மீதி இரண்டை அவர் சொல்லில் நம்பிக் கடக்க வேண்டியதாயிற்று. அடுத்து தெமோதரை. அங்கே வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்தில் நுழைகிறது. புறப்பட்ட இடத்தையே மறுபடி தலைக்குமேல் பார்த்ததும் வண்டி மாறி ஏறிவிட்டேனோ என்று எழுந்து நின்றுவிட்டேன். "ஒக்காருங்க, இதுக்குத்தான் வெள்ளைக்காரன் ஊர்லேருந்து வந்து பாக்குறான்" என்றார் அவர்.

கடிதத்தில் எப்போதும் பதுளை என்றே இருந்ததால் பதுளையில் இறங்கினேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, தோட்டத்துக்கு முந்தின ஸ்டேஷனான ஹாலிஎலையில் இறங்கியிருக்க வேண்டும். வந்த வழியே பஸ்ஸில் திரும்பினேன். பாதியில் போலீஸ்காரர்கள் பஸ்ஸை மறித்தார்கள். அரிசி தேடுகிறார்களாம். ஒரு நாட்டுக்குள்ளேயே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு இருப்பதை அன்றுதான் கண்டேன். என் பையில் தங்கைக்காகக் கொண்டுபோன அப்பளமும் வெங்காய வடகமும் இருந்தன. போலீஸ்காரர் ஒரு வடகத்தை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்து, சிங்களத்தில் ஏதோ கேட்டார்.

"இது என்ன மருந்துன்னு கேக்குறாரு" என்றார் கண்டக்டர்.

"எண்ணெயில் போட்டால் பொரியும் என்று சொல்லுங்கள்."

"வெடிக்கும்னு நெனச்சிருவாரு. சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு, அவரே என்னவோ சொன்னார். போலீஸ்காரர் என்னை அனுதாபத்தோடு பார்த்துப் பையைக் கொடுத்துவிட்டார். கண்டக்டர் என்ன வியாதி சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஹாலிஎலையில் ஒரு பலசரக்குக் கடை. முதலாளி முஸ்லிம், என் வயதிருக்கும். அண்ணன் என்கிற அர்த்தத்தில் எல்லோரும் நானா என்று கூப்பிட்டார்கள். நான் யார் என்று சொல்லாமல், தோட்டத்தின் பெயரைச் சொல்லி, அங்கே பேச்சாயி என்று ஒரு அம்மாள் இருக்கிறார்களா என்று பொதுவாகக் கேட்டேன். அவர் தராசை நிறுத்திவிட்டு என் குடையிலிருந்து செருப்புவரை பார்த்தார்.

"அது அக்கரைக்குப் போய் மூணு மாசம் ஆவுது ஐயா" என்றார்.

எங்கள் ஊரில் அக்கரை என்றால் சிலோன். பேச்சாயியை ஊரில் விசாரிப்பவர்களிடம் நாற்பது வருடமாக "அவ அக்கரையிலே இருக்கா" என்றுதான் சொல்லி வருகிறோம். சிலோனில் நின்றுகொண்டு ஒருவர் அக்கரை என்றால் அது இந்தியாவாகத்தானே இருக்க வேண்டும்? நான் இங்கே வர, அவள் அங்கே போய்விட்டாளா? போயிருந்தால் என் வீட்டுக்கல்லவா வந்திருக்க வேண்டும்? அவளுக்கு இந்தியாவில் வேறு விலாசம் ஏது? மூன்று மாதமாக அவள் எங்கே? அந்தச் சொல்லுக்கு மூன்றாவது அர்த்தம் ஒன்றும் உண்டு என்பது ஞாபகம் வந்ததும் கடை வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று மாலையே தோட்டத்துக்கு நடந்தேன். லயம் என்பது தொழிலாளர்கள் குடியிருக்கும் நீண்ட கட்டடம். ஒரே கூரை, வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு கதவு. ஒரு கட்டடத்துக்கு எத்தனை குடும்பம் என்று தெரிந்துகொள்ள, குடையை நீட்டி வாய்க்குள்ளேயே எண்ணினேன். பன்னிரண்டு வந்தது. பின்பக்கமும் பன்னிரண்டு. எண்ணிக்கொண்டு வரும்போதே கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. என்னைக் கண்டதும் சாத்துகிறார்கள் என்றால் உள்ளே மறைக்க ஏதோ இருக்கிறது.

சாத்தாத ஒரே கதவில் ஒரு பெண்பிள்ளை முறத்தோடு நின்றாள். ராக்கு என்று யாரோ கூப்பிட்டார்கள்.

"ஐயா எந்தக் கந்தோருங்க?"

கந்தோர் என்றால் அலுவலகம் என்பது எனக்கு அப்போது தெரியாது. எந்த ஊர் என்று கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். இனிமேல் மறைத்துப் பயனில்லை என்று, "துறையூர்" என்றேன்.

அவள் முகம் மாறியது. அடுத்த வீட்டுக் கதவுப் பக்கம் திரும்பி, "மருதண்ணே, தொரை அனுப்பி வந்திருக்காரு" என்றாள். தோட்டத்து மானேஜரை அங்கே துரை என்பார்கள். இதுவும் பிறகுதான் எனக்கு விளங்கியது.

மருதை வந்தான். நாற்பது வயது, ஒல்லி, கண்ணை நேரே பார்க்காத ஆள். நான் நினைத்தது போலவே இருந்தான்.

"பேச்சாயி எங்கே?"

"அத்தை அக்கரைக்குப் போயிட்டாங்க. கார்த்திகையிலேயே போயாச்சு."

"கப்பலிலா?"

"அக்கரைக்குங்க."

"யாரோடு போனாள்?"

"எல்லாரும் போற மாதிரிதாங்க."

"சொகமா இருக்காங்க ஐயா, அப்படின்னு எழுதிக்குங்க" என்றாள் ராக்கு. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"சுகமாக இருக்கிறாள் என்று உனக்கு எப்படித் தெரியும்? கடிதம் வந்ததா?"

ராக்கு உள்ளே போய் ஒரு தட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பல் என்கிற மிளகாய்த் துவையலும் கொண்டுவந்து வைத்தாள். "இஞ்சி எதுவும் சாப்பிட்டிருந்தா இத சாப்பிடாதீங்க. வெசம்" என்றாள். காலையில் ரயிலில் நான் ஒரு துண்டு இஞ்சி மொரப்பா சாப்பிட்டிருந்தேன். பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிட்டதே என்றேன். "அப்ப உங்க விருப்பம்" என்றாள். தட்டைத் தொடாமல் எழுந்தேன். நான் பத்தடி போவதற்குள் அந்தக் கிழங்கை இரண்டு வீட்டார் பங்கிட்டுக்கொண்டதைத் திரும்பிப் பார்த்தேன்.

நானாவின் கடைப் பின்னறையில் தங்கினேன். படுக்கக் கோணிப்பை கொடுத்தார், வாடகை வேண்டாம் என்றார். என்னைக் கண்ணெதிரில் வைத்துக்கொள்ளத்தான் என்று தோன்றியது. காலையில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் போட்டுக்கொண்டே, "ஐயா எப்ப திரும்பிப் போறீங்க?" என்று மூன்று தடவை கேட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. ஆண்களுக்கு வேலை மதியத்தோடு முடிந்துவிடும் என்று விசாரித்து வைத்திருந்தேன். தோட்டத்துக்குக் கீழே ரோட்டோரம் குடையை விரித்துக்கொண்டு நின்றேன். இரண்டு மணிக்கு மருதை இறங்கி வந்தான். கையில் தூக்குச்சட்டி, துணி போட்டு மூடியிருந்தது. வேலை முடிந்தவன் சோற்றை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு எதிர்த் திசையில் ஏன் போக வேண்டும்? ஐம்பது கஜம் விட்டுப் பின்தொடர்ந்தேன்.

தேயிலை முடிந்து பாக்கும் மிளகுக்கொடியும் தொடங்கியது. கல் படிகள் கீழே இறங்கின. தண்ணீர் சத்தம் கேட்டது. படி இறக்கத்தில் மருதை நின்று, பீடி பற்றவைக்கிற சாக்கில் திரும்பினான். ஒளிய இடமில்லை. குடை வேறு விரித்திருந்தேன்.

"பாலம் பாக்க வந்தீங்களா ஐயா?" என்றான், தேவைக்கு மேல் உரத்த குரலில்.

"ஆமாம்" என்றேன்.

"வாங்க. எல்லாரும் பாக்குற பாலந்தான்."

அதுதான் போகொடை மரப்பாலம். ஓடையின்மேல், வீட்டுக்குப் போடுவது போல ஓட்டுக்கூரை போட்ட பாலம். பக்கவாட்டில் கடைந்த மரக்கிராதி, வரிசையாகச் செதுக்கிய தூண்கள், அடியில் முழு மரங்களே உத்தரமாக. ராஜா காலத்துப் பாலம், நானூறு வருடம் ஆகிறது, கண்டிக்குப் போகிற பழைய பாதை இது என்றான். அக்கரையில் பாறைக் குகைக்குள் புத்தர் கோவில், வெள்ளை மதில், ஒரு அரசமரம். நானூறு வருடப் பழசு என்றால் இந்த ஓடு யார் மாற்றியது என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

"ஆணி ஒண்ணுகூடக் கெடையாதுங்க. மொத்தமும் மர முளை" என்று மறுபடி கத்தினான். பக்கத்தில் நிற்கிறவனிடம் ஏன் கத்துகிறான்? அக்கரையில் யாருக்கோ கேட்கத்தான் என்று புரிந்தது. அங்கே ஒரு மிளகுக் கொட்டகையின் படல் மெல்ல மூடியதைப் பார்த்தேன்.

நேற்று கல் பாலத்தில் இரும்பில்லை. இன்று மரப்பாலத்தில் ஆணியில்லை. இந்த நாட்டில் பாலத்துக்கு இரும்பு போடுவது பாவம் போலும். குடைக்காம்பால் முதல் பலகையைத் தட்டினேன். இடுக்கில் தண்ணீர் ஓடுவது தெரிந்தது. எனக்குப் பயம் வந்தால் எண்ணுவேன். தூணுக்குத் தூண் கை வைத்து, இந்தத் தடவை வாய்விட்டே எண்ணிக்கொண்டு நடந்தேன்.

"லாபம், ரெண்டு, மூணு, நாலு..."

எங்கள் அப்பா களத்தில் நெல் அளப்பவர். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லவே மாட்டார், லாபம் என்பார். கூட நின்று எண்ணியே எனக்கும் பேச்சாயிக்கும் கணக்கு வந்தது. நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஒன்று, இரண்டு என்று சொல்லிக் கொடுத்த பிறகும், தனியாக எண்ணும்போது எனக்கு லாபத்தில்தான் தொடங்கும்.

"...ஒம்பது, பத்து, பதினொண்ணு..." பலகை ஒன்று முனகியது. நின்று, பிறகு மூச்சுவிட்டு, "பதினொண்ணு" என்றேன்.

"அது பன்னெண்டு" என்று ஒரு குரல் கொட்டகைக்குள்ளிருந்து வந்தது. "பதினொண்ண ரெண்டு தடவ சொல்லிட்டீங்க."

படல் திறந்தது. நரைத்த தலை, நெற்றியில் கூடைக்கயிறு பட்டுப் பட்டு விழுந்த தழும்பு, குளிருக்குச் சுற்றிய கம்பளித் துண்டு. தெருவில் எதிரே வந்திருந்தால் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயிருப்பேன்.

"அண்ணே" என்றாள்.

மருதை தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டான். "அத்தே, உள்ள போங்க. கந்தோர் ஆளு."

"கந்தோர்ல எவன்டா லாபம்னு எண்ணுவான்? இது எங்கண்ணன்டா."

பாலத்தின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டோம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டில் மழை அடித்தது, அடியில் ஓடை. இரண்டு சத்தத்துக்கும் நடுவில் ஒருவர் காதில் ஒருவர் கத்தித்தான் பேசினோம்.

சங்கதி இதுதான். பாஸ்போர்ட் வந்தும் கப்பலேறாதவர்களைத் தேடிக் கந்தோரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கெடு முடியட்டும் என்றுகூட அவர்கள் காத்திருப்பதில்லை, எப்போது போகிறாய் என்று மாதம் ஒரு தடவை கேட்கிறார்கள். அதனால் கார்த்திகை மாதமே பேச்சாயி பாலத்தைக் கடந்து, மெனிக்கே என்ற சிங்களப் பெண்ணின் தோட்டத்துக்கு வந்துவிட்டாள். மிளகு பறித்துக் கொடுக்கிறாள், கொட்டகையில் தூங்குகிறாள். லயத்தில் யார் கேட்டாலும் ஒரே பதில்: அக்கரைக்குப் போயிட்டாங்க. கேட்கிறவர் கப்பல் என்று எழுதிக்கொள்வார். சொன்னவர் பொய் சொல்லவில்லை. கடிதத்துக்குப் பதில் போட்டால் ஆள் இங்கேதான் என்று தபாலில் தெரிந்துவிடும், அதனால்தான் போடவில்லை. நானா உட்பட எல்லோருக்கும் தெரியும்.

"கொடையை நீட்டிக் கதவ எண்ணினா யாரு நம்புவா மாமா?" என்றான் மருதை. "போதாக்கொறைக்குத் தொரை அனுப்பினாருன்னு வேற சொன்னீங்க."

"துறையூர் என்றேன்."

"அது இப்பத்தானே தெரியுது."

பேச்சாயி சிரித்தாள். சிரிக்கும்போது அப்பாவின் ஜாடை தெரிந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன். இரண்டு பேருக்கும் இருக்கிறது, வா, இப்படி எத்தனை நாள் கொட்டகையில் ஒளிந்திருப்பாய் என்றேன். அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாது, எனக்கு வந்த கடிதமெல்லாம் யாரையாவது எழுதச் சொன்னவைதான்.

"எம் மகளுக்குச் சிலோன் எழுதிட்டாங்க. எனக்கு இந்தியா எழுதிட்டாங்க. ஒரே அடுப்பு அண்ணே" என்றாள். "அங்கிட்டு எனக்கு யாரு இருக்கா?"

"நான் இருக்கிறேன்."

"ஒங்களுக்கு என்ன வயசு?"

"அறுபத்தேழு."

"அப்புறம்?"

மழை விட்டிருந்தது. எனக்கு அப்புறம் என்ன என்று நான் யோசித்ததே இல்லை. என் மகன் திருச்சியில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறான். மருமகள் என்னையே நாள் எண்ணித்தான் வைத்திருக்கிறாள்.

தூக்குச்சட்டியைத் திறந்தாள். மரவள்ளிக்கிழங்கு. பாதியை எனக்கு வைத்தாள். "இஞ்சி சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமையும் போனேன். குகைக் கோவிலைக் காட்டினாள், படுத்திருக்கும் பெரிய புத்தரைக் காட்டினாள். மெனிக்கே வடகத்தைப் பொரித்து, பயந்து பயந்து ஒன்றைக் கடித்துப் பார்த்து, பிறகு மளமளவென்று ஆறு தின்றாள். நான் ஒப்பந்தத்தைச் சொன்னேன், சட்டத்தைச் சொன்னேன், பிடித்தால் கையோடு கப்பலில் ஏற்றுவார்கள் என்றும் சொன்னேன். "ஏத்தினா நேரா ஒங்க வீட்டுக்குத்தான் வருவேன்" என்றாள். மாலையில் பாலம்வரை வந்தாள். அதைத் தாண்டி இந்தப் பக்கம் அவள் வருவதில்லை. நான் கடக்கும்போது பின்னாலிருந்து உரக்க எண்ணினாள், லாபத்திலிருந்து. இந்தத் தடவை பதினொன்று ஒரு தடவைதான் வந்தது.

தலைமன்னாரில் கப்பலேறும் இடத்தில் டிக்கெட் பார்ப்பவர் தமிழர், மூக்குக்கண்ணாடி போட்ட இளைஞர். என் டிக்கெட்டை வாங்கி, என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கு இருக்குது. மத்த ஆள் எங்க?"

பின்னால் வரிசை நின்றது. பொய் சொன்ன பிள்ளைகளை நாற்பது வருடம் பெஞ்சுமேல் ஏற்றியவன் நான்.

"என் தங்கை" என்றேன். "அக்கரைக்குப் போயிட்டா."

அவர் கடல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "முந்தியே போயிட்டாங்களா, சரி" என்று ஒரு பெயரின்மேல் கோடு போட்டார். டிக்கெட் பணம் திரும்பாது என்றார். தெரியும் என்றேன்.

போகவர, சாப்பாடு, பஸ், நானா கடையில் அவளுக்காகக் கொடுத்துவிட்டு வந்தது, ஏறாத அந்த ஒரு டிக்கெட், எல்லாம் சேர்த்து இந்தப் பயணத்துக்கு ஆனது முந்நூற்று இருபத்தேழு ரூபாய் நாற்பத்தைந்து பைசா.